குடோனை வீடாக்கறதா, குடோன் வெச்ச வீட்டை வாங்கறதா?

வண்டிப்பேட்டை – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் அமெரிக்கால பிக்கப்புக்குப் பின்னாடி வீட்டையே கோத்து இழுத்துட்டுப் போறாங்கன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கவே இல்ல. நம்ம நீலகிரி மலைல வீட்டுக்கு ஒருத்தராவது கடல் தாண்டி இருக்காங்க போல. சரி, இந்த மாசம் கேரட் லாரி, கிளட்ச் பிளேட்டு எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் பாப்போம்.

டாய் ஹாலர்னு எழுதியிருந்தீங்களே, அப்படின்னா பொம்மை ஏத்தற வண்டியா? நம்ம டாய் ட்ரெயின் மாதிரி ஏதாவதா? – வாசகர், லவ்டேல்

சிரிச்சுட்டேன் சார், ஆனா நியாயமான கேள்வி. அங்க பெரியவங்களோட பொம்மைன்னா டர்ட் பைக்கு, நாலு சக்கர ஏ.டி.வி., மணல்ல ஓட்டற சின்ன ஜீப்பு மாதிரி வண்டி, இதெல்லாம்தான். அதை ஏத்திட்டுப் போற டிரெய்லர் வீடுதான் டாய் ஹாலர். முன்பக்கம் கட்டில், அடுப்பு, கக்கூஸ், குளிக்கற இடம் எல்லாம் கம்பெனியே போட்டுத் தந்துடும், பின்பக்கம் ஒரு கராஜ், பின்சுவர் அப்படியே கீழ சாஞ்சு பைக்கு ஏர்ற சாய்வுப் பலகையா ஆயிடும். பைக்கை இறக்கிட்டா மேல சீலிங்ல மடிச்சு வெச்ச கட்டில் மோட்டார்ல கீழ வரும், கராஜு ரூமாயிடும்.

கார்கோ டிரெய்லர் வேற. அது சும்மா சரக்குப் பெட்டி. இரும்பு சட்டம், மேல மெல்லிசு அலுமினியத் தகடு, உள்ள பிளைவுட், ஒரு சைடு கதவு, ஒரு பின்கதவு, அவ்ளோதான். நம்ம எஸ்டேட் குடோனுக்கு சக்கரம் வெச்ச மாதிரி. அதை வாங்கி உள்ள தானே வீடு கட்டிக்கறவங்க அங்க நிறைய பேரு.

நான் ரிட்டயர்டு டீச்சர், வயசு 66. பையன், மருமக, ஆறு வயசுப் பேத்தி மூணு பேரும் அரிசோனால பீனிக்ஸ்ல இருக்காங்க, வருஷத்துல நாலு மாசம் நானும் அங்க. பையன், மருமக ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு டர்ட் பைக். லீவு விட்டா பாலைவனம், வெயில் காலம்னா ஃப்ளாக்ஸ்டாஃப் மலைக்குப் போயிடுவாங்க, இது வரைக்கும் டென்ட்தான். இப்ப டிரெய்லர் வாங்கறாங்க. காலி கார்கோ டிரெய்லர் வாங்கி எல்லாத்தையும் நானே செஞ்சுக்கறேன்னு பையன் நிக்கறான், டாய் ஹாலர்தான் வேணும்னு மருமக நிக்கறா. வீடியோ கால்ல என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடறாங்க. பையன்கிட்ட இருக்கறது அரை டன் பிக்கப்பு. எனக்கு முட்டி வலி வேற. நான் யார் பக்கம் பேசட்டும்? – வாசகி, கோத்தகிரி

டீச்சர், முதல்ல நான் உங்களை ஒண்ணு கேக்கறேன். உங்க பையன் ஆரம்பிச்ச வேலைய முடிக்கற ஆளா? ஸ்கூல்ல படிக்கறப்ப பிரிச்ச ரேடியோவை திரும்பப் பூட்டினானா, இல்ல அது இன்னும் பரண்ல டப்பாவுல கிடக்குதா? கிண்டலுக்குக் கேக்கல, பாதி பதில் அதுலதான் இருக்கு, அது உங்களுக்குத்தான் தெரியும், மருமகளுக்குக் கூட அவ்ளோ தெரியாது.

ஏன்னா நான் பட்டவன். டெக்சாஸ்ல ஒரு டிரெய்லர் பட்டறைல ஒம்பது வருஷம் வேலை பாத்தேன், தினமும் அந்தப் பெட்டியத்தான் வெல்டு பண்ணினேன், அதனால எனக்கு இதெல்லாம் ஜுஜுபின்னு நினைச்சு ஒரு காலிப் பெட்டி வாங்கிட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்தினேன். மூணே மாசத்துல முடிச்சுடறேன்னு வீட்டம்மாகிட்ட சொன்னேன். பதினாலு மாசம் ஆச்சு, அப்பவும் கக்கூஸுக்குக் கதவு இல்ல, துணி தொங்குது. முதல் தடவை குளிர்ல போய்த் தங்கினப்ப விடியக்காலைல மூணு மணிக்கு மேல இருந்து சொட்டு சொட்டா மூஞ்சில தண்ணி விழுந்துச்சு, மழையே இல்ல. வீட்டம்மா எந்திரிச்சு பிக்கப்புல போய்ப் படுத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் அந்தப் பெட்டிக்குள்ள கால் வைக்கல.

அந்தத் தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, எஸ்டேட் லயன் வீட்ல தகரக் கூரைக்குக் கீழ டிசம்பர்ல படுத்து எந்திரிச்சவங்களைக் கேட்டா சொல்வாங்க. நாலு பேர் ராத்திரி பூரா விடற மூச்சு, அடுப்புல கொதிச்ச தண்ணி, எல்லாம் ஆவியா மேல போய் குளுந்த தகரத்துல பட்டு தண்ணியாயிடுது. கார்கோ பெட்டில சுவர்ல ரெண்டு இரும்புக் காலுக்கு நடுவுல தெர்மாகோல் அட்டை வெச்சா போதும்னு நினைப்பாங்க, ஆனா அந்த இரும்புக் கால் தகடு வரைக்கும் நேரா போகுதே, குளிர் அது வழியா உள்ள வந்துடும், அங்கதான் முதல்ல வேர்க்கும். அதனால இரும்பு மேலயும் ஒரு சுத்து ஃபோம் ஷீட்டு ஒட்டி அப்புறம்தான் பிளைவுட் அடிக்கணும். பீனிக்ஸ் காஞ்ச ஊரு, அங்க இது தெரியாது, ஃப்ளாக்ஸ்டாஃப் போனா தெரியும், அது 2100 மீட்டர் உயரம், ஊட்டிக்குக் கொஞ்சம் கீழ, பனி கொட்டற ஊரு. கேஸ் ஹீட்டரை உள்ள சும்மா எரியவிட்டா அந்த நெருப்பே தண்ணிய ஆவியா கக்கும், இன்னும் மோசம். புகைய வெளிய தள்ளி சூடு மட்டும் உள்ள தர்ற சின்ன டீசல் ஹீட்டர்தான் பெட்டிக்குச் சரி, ராத்திரி மேல வெண்டிலேட்டரையும் ஒரு விரக்கடை திறந்து வெச்சுக்கணும், குளிருதேன்னு மூடிடக் கூடாது.

சரி, எடைக்கு வருவோம், உங்க வீட்டுப் பஞ்சாயத்து உண்மைல இதுலதான் தீரும். மருமக ஷோரூம்ல பாத்து ஆசைப்பட்டிருப்பாங்க, தப்பில்ல, பாத்தா யாருக்கும் ஆசை வரும், சோபா என்ன, ஃபிரிட்ஜு என்ன. சேல்ஸ்மேன் உங்க பிக்கப்பு 4000 கிலோவுக்கு மேல இழுக்கும் மேடம், ஒரு பிரச்சனையும் இல்லம்பார். இழுக்கும், நிஜம்தான். ஆனா முதல்ல தீந்து போறது இழுக்கற சக்தி கிடையாது, பிக்கப்பு தன் முதுகுல தாங்கற எடை. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆளுங்களும் சாமானும் சேத்து இவ்ளோதான் ஏத்தலாம்னு. அரை டன்னுங்கறது அங்க சும்மா ஒரு வகைப் பேருதான், அந்த வண்டிகள்ல அது பெரும்பாலும் 650ல இருந்து 850 கிலோவுக்குள்ள வரும். பையனை இன்னிக்கே அந்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

இப்ப கணக்குப் போடுங்க டீச்சர், நீங்க போடாத கணக்கா. ஒரு சின்ன டாய் ஹாலரே பைக்கு, தண்ணி, துணிமணி எல்லாம் ஏத்தினா 3800 கிலோ பக்கம் வந்துடும். அதுல தண்ணித் தொட்டி மட்டும் நிறைய மாடல்ல 100 கேலன், நம்ம கணக்குல 378 லிட்டர், அதாவது 378 கிலோ, ரொப்பிட்டுப் போனா ஒரு மாட்டைக் கூட ஏத்திட்டுப் போற மாதிரி. டிரெய்லரோட எடைல நூத்துக்குப் பத்துல இருந்து பதினஞ்சு பங்கு பிக்கப்போட பின்கொக்கி மேல உக்காரணும், உக்காந்தாத்தான் ஒழுங்கா பின்னாடி வரும். பன்னெண்டு பங்குன்னு வெச்சா 460 கிலோ. பையன், மருமக, நீங்க, பேத்தி சேந்து 230. கொக்கி சாமான் ஒரு 40. ஐஸ் பெட்டி, டூல்ஸ் ஒரு 50. கூட்டினா 780. ஸ்டிக்கர்ல 700ன்னு இருந்தா? பின் ஸ்பிரிங்கு உக்காந்து முன் சக்கரம் லேசாகி ஸ்டீரிங் பஞ்சு மாதிரி ஆடும்.

அதே கணக்கை கார்கோ பெட்டிக்குப் போடுங்க. ஏழடி அகலம் பதினாறடி நீளம், ரெண்டு ஆக்ஸில் உள்ளது, காலியா 1150 கிலோ சுமார், அதோட மொத்த வரம்பு 3175 கிலோ. உள்ள கட்டற வேலை 400 கிலோ ஆகட்டும், ரெண்டு பைக்கு 220, தண்ணி 150, சாமான் 150. மொத்தமே 2100க்குள்ள. கொக்கி எடை 250. பிக்கப்பு முதுகுல எல்லாம் சேந்து 570. நிம்மதியா போலாம். பீனிக்ஸ்ல இருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறதுன்னா கிட்டத்தட்ட மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி ஏற உயரம், ரோடு அகலம்ங்கறது மட்டும்தான் வித்தியாசம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூணு பர்சென்ட்டு வீதம் மூச்சு இழந்துட்டே போகும், கீழ இருந்து வர்ற காருங்க குன்னூர் வந்தா எப்படி இரைக்குதுன்னு நாம தினம் பாக்கறோமே. ஜெனரேட்டருக்கும் இதே கதி, மலை மேல போனா அஞ்சுல ஒரு பங்கு சக்தி போயிடும்னு வெச்சுக்கணும்.

அப்ப பையன் பக்கம்தான் பேசறீங்களான்னு மருமக கேப்பாங்க. அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. டாய் ஹாலர் வாங்கறவங்க வாங்கறது வெறும் சோபாவ இல்ல. அங்க ஆர்.வி.ங்கற, உள்ளயே தங்கற வண்டிகளுக்குன்னு பாதுகாப்பு விதி ஒண்ணு இருக்கு, கேஸ் லீக் கண்டுபிடிக்கற மிஷின், கார்பன் மோனாக்சைடு அலாரம், புகை அலாரம், தீப்பிடிச்சா குதிக்கறதுக்கு ரெண்டாவது வழி, எல்லாம் இருந்தாத்தான் கம்பெனி வித்தே தரும். உங்க பையன் கட்டற பெட்டில இதெல்லாம் தானா வராது, ஆளுங்க இதைத்தான் முதல்ல மறக்கறாங்க, எல்.ஈ.டி. லைட்டு மட்டும் கலர் கலரா போட்டுடுவாங்க. கார்கோ பெட்டி சரக்குக்குச் செஞ்சது டீச்சர், பின்கதவு வெளிய இருந்துதான் பூட்டும், சைடு கதவுக்கும் நிறைய பெட்டில வெளிப்பக்கம் இரும்புப் பட்டைத் தாழ்ப்பாள் இருக்கும், எவனாவது விளையாட்டுக்குப் போட்டுட்டுப் போனா உள்ள இருக்கறவங்க கதி அதோகதி. அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிட்டு உள்ள இருந்தும் திறக்கற பூட்டு போடணும், படுக்கற பக்கத்துல ஒரு ஆள் நுழையற அளவு தள்ளித் திறக்கற ஜன்னல் வைக்கணும். இது ரெண்டும் முடியாம பேத்தியை அதுல தூங்க வைக்க நீங்க சம்மதிக்கக் கூடாது, பாட்டியா இதுல பிடிவாதம் பிடிங்க.

அப்புறம் பெட்ரோல் வாடை. எந்த வண்டி வாங்கினாலும் இது ஒண்ணுதான், பைக்கோட ஒரே ரூம்ல தூங்கற பழக்கம் வேண்டவே வேண்டாம். பெரிய டாய் ஹாலர்ல கராஜுக்கும் ரூமுக்கும் நடுவுல சுவரும் கதவும் இருக்கும், ஆனா அதெல்லாம் இன்னும் நீளம், இன்னும் எடை, உங்க பிக்கப்புக்கு ஆகாது. சின்னதுல எல்லாம் ஒரே ஹால்தான், பெட்டிலயும் அப்படித்தான். போய்ச் சேந்ததும் பைக்கை இறக்கி வெளிய பூட்டி நிறுத்திட்டு, பின்கதவைத் திறந்து காத்தாட விட்டு, அப்புறம்தான் பாயை விரிக்கணும். பெட்ரோல் கேனு உள்ளயே வரக் கூடாது, பிக்கப்போட பின் தொட்டில வரட்டும்.

உங்க முட்டிக்கு வருவோம். டாய் ஹாலர்ல கராஜுக் கட்டில் மேலயும் கீழயும் ஏறி இறங்கற சமாச்சாரம், முன்கட்டில் மகனும் மருமகளும் எடுத்துக்குவாங்க, அதாவது நீங்க ஏணி ஏறணும் இல்ல சோபால படுக்கணும். வாசப்படியும் உயரம். பையன் கட்டற பெட்டின்னா அளவு உங்க கைல, நாற்காலி உயரத்துக்கு ஒரு கட்டில் சுவரோரம் அடிக்கச் சொல்லலாம், பக்கத்துல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி. பின்பக்கச் சாய்வுப் பலகைல நடந்தே ஏறிடலாம், படியே தேவையில்ல, ஆனா மழைல அது வழுக்கும், ஒட்டற சொரசொரப்பு பட்டை கிடைக்குது, அதை ஒட்டச் சொல்லுங்க. இதுல என் ஓட்டு பெட்டிக்கு.

கக்கூஸ்ல மருமகளுக்கு ஓட்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துட்டு கள்ளிச் செடிக்குப் பின்னாடி போற வயசா உங்களுக்கு. பெட்டில கூட கழட்டி எடுத்துக் கொட்டற கேசட் டாய்லெட் வைக்கலாம், நல்லாவே இருக்கும், ஆனா பையன் அதைக் கடைசி வேலையா வெச்சிருப்பான், நான் வெச்சிருந்த மாதிரி. அதனால ஒப்பந்தம் போடுங்க, முதல் வேலை கக்கூஸும் அதுக்கு மரக் கதவும், அதுக்கப்புறம்தான் பைக்கு கட்டற கொக்கி, ஸ்பீக்கரு எல்லாம்.

காசு விஷயம் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. புதுசா அந்த சைஸ் பெட்டி ஏழெட்டாயிரம் டாலர்ல இருந்து ஆரம்பிக்கும், உள்வேலை ஆளைப் பொறுத்து. டாய் ஹாலர் புதுசுன்னா முப்பதாயிரத்துக்கு மேலதான், பெருசெல்லாம் லட்சம் தாண்டும், ஆனா அதுக்கு பேங்கு பத்து பதினஞ்சு வருஷத்துக்கு லோன் தரும், பெட்டிக்குள்ள அடிக்கற பிளைவுட்டுக்கு யாரும் லோன் தர மாட்டாங்க. சில தனியார் ஆர்.வி. பார்க்குகள்ல வீட்ல கட்டின வண்டிய உள்ள விடறதில்ல, அதையும் கேட்டுக்கணும். ஆனா அரிசோனால பாலைவனமும் ஃப்ளாக்ஸ்டாஃப் காடும் பெரும்பகுதி அரசாங்க நிலம், பல இடத்துல 14 நாள் வரைக்கும் சும்மா நிறுத்தித் தங்கலாம், அங்க பெட்டியா பங்களாவான்னு கேக்க ஆளில்ல.

ஆக, பரண்ல ரேடியோ இல்லைன்னா, அதாவது பையன் முடிக்கற ஆள்னா, பெட்டி. வாங்கறப்பவே உள்ளுயரம் ஏழடின்னு ஆர்டர் பண்ணணும், ஆறரையே போதும்பான், கீழ ரெண்டு இஞ்ச் மேல ரெண்டு இஞ்ச் ஃபோம் போனப்புறம் தலை இடிக்கும், பின்னாடி உயரத்தைக் கூட்ட வழியே இல்ல. மேல்தகடு ஒட்டு இல்லாம ஒரே ஷீட்டா கேக்கணும். பீனிக்ஸ் வெயிலுக்கு மேல ஏ.சி. மாட்டியே ஆகணும், பதினாலு இஞ்ச் சதுர ஓட்டைதான் அங்க எல்லா ஏ.சி.க்கும் வெண்டிலேட்டருக்கும் பொது அளவு, அந்த இடத்துக்குப் பட்டறைலயே சுத்தி இரும்பு வெச்சு வெல்டு பண்ணித் தரச் சொல்லிட்டா பின்னாடி ரம்பம் எடுக்க வேண்டாம்.

ரேடியோ இன்னும் பரண்லதான் இருக்குன்னா, பேசாம டாய் ஹாலர், ஆனா பழசு, சின்னது, தண்ணிய வீட்ல ரொப்பாம போய்ச் சேர்ற ஊர்கிட்ட ரொப்பிக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி மேல ஏறி ரப்பர் கூரைல மூலை மூலையா ஒட்டு விட்டிருக்கான்னு பாக்கணும், உள்ள சுவரைக் கையால அமுக்கிப் பாக்கணும், மெத்துனு இறங்கினா உள்பலகை ஊறிப் போயிருக்கு, எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம். ஸ்டிக்கர் கணக்கு அப்பவும் இடிச்சா பிக்கப்பைத்தான் மாத்தணும், அது வேற பஞ்சாயத்து, அதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க.

இன்னொண்ணு, ஓடற டிரெய்லர்ல யாரும் உக்காரக் கூடாது, கால் நீட்டிப் படுத்துக்கோங்கம்மான்னு ஆசையா சொன்னாலும் சரி, பிக்கப்புல பெல்ட்டு போட்டுத்தான் போகணும்.

மச்சான் கனடால டாய் ஹாலர் வெச்சிருக்கார். காலியா போனா நல்லா வருதாம், பைக்குங்களை ஏத்தினா ஹைவேல வால் ஆட்டுதாம். டயர் மாத்தினார், ஆட்டம் நிக்கல. – வாசகர், வெலிங்டன்

டயர் மேல தப்பில்லைங்க. உங்க தாத்தா காலத்துல சமவெளில மாட்டு வண்டி ஓட்டின யாரையாவது கேட்டா ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க, பின்பாரம். மூட்டை முன்னாடி அதிகமானா முன்பாரம், மாட்டுக் கழுத்து நோகும், பின்னாடி அதிகமானா நுகத்தடி மேல தூக்கி மாட்டு கழுத்தை நெரிக்கும். டாய் ஹாலர்ல கராஜு சக்கரத்துக்குப் பின்னாடிதானே இருக்கு, அங்க பைக்கு ஏறினதும் கொக்கி மேல இருக்கற எடை குறைஞ்சுடுது, பத்து பங்குக்குக் கீழ போனதும் பின்னாடி ஆட ஆரம்பிக்கும். பைக்கை முடிஞ்ச வரைக்கும் முன்னாடி தள்ளிக் கட்டச் சொல்லுங்க, கனமான சாமானை முன்பக்க அலமாரிக்கு மாத்தச் சொல்லுங்க, எல்லாம் ஏத்தினப்புறம் லாரிங்க எடை போடற மேடைல கொண்டு போய் நிறுத்தி ஆக்ஸில் ஆக்ஸிலா எடை பாக்கச் சொல்லுங்க. கம்பெனிக்காரன் எழுதற கொக்கி எடை காலி வண்டிக்கு, அதை நம்பி ஏமாறவங்கதான் அதிகம்.

ஆட ஆரம்பிச்சுட்டா பிக்கப்பு பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுத்துட்டு டாஷ்போர்டுல இருக்கற டிரெய்லர் பிரேக் லீவரை மட்டும் கையால அமுக்கினா பின்னாடி இருக்கறது இழுத்துப் பிடிச்சு நேராகிடும். காலி ரோட்ல ரெண்டு தடவை பழகி வெச்சுக்கட்டும்.

அண்ணா, நானும் இந்த மாதிரி ஒண்ணு செய்யணும். பொலிரோ பிக்கப்பு சொந்தமா இருக்கு, நம்ம நீலகிரி நம்பர் டி.என். 43 தான். பின்னாடி பெட்டி கட்டி கட்டில் போடலாமா, இல்ல தனியா டிரெய்லர் செஞ்சு இழுக்கலாமா? உங்க பட்டறைலயே செஞ்சு தருவீங்களா? – வாசகர், கூடலூர்

தம்பி, டிரெய்லர் ஆசைய மசினகுடி போற கல்லட்டி ரோட்டுல ஒரு தடவை நடந்து பாத்துட்டு முடிவு பண்ணு. 36 கொண்டை ஊசி. மேட்டுப்பாளையம் ரோட்ல கல்லாறு தாண்டி 14. வளைவுல டிரெய்லர் சக்கரம் முன்வண்டி போன தடத்துல வராது, உள்பக்கமா அறுத்துக்கிட்டு வரும், உள்பக்கம் மலைச்சுவர் இல்லைன்னா ஓடை, எதிர்ல பஸ் வந்தா ரிவர்ஸ் எடுக்கணும், டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கறதுன்னா ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் ஒடிச்சா அது அந்தப் பக்கம் போகும். அமெரிக்கால ஒம்பது வருஷம் இதை வெச்சு மாரடிச்ச நானே பர்லியார் வளைவுல செய்ய மாட்டேன்.

சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆவது பிரிவு, ஆர்.சி. புக்குல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லியாச்சு. டிரெய்லருக்கும் தனி ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். அதனால நான் நிரந்தரமா பெட்டி அடிச்சுத் தர மாட்டேன், கேக்காத. நீ செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு, சாமான் மாதிரி ஏத்தி இறக்கற கட்டில். ரெண்டு மரப் பெட்டி, மேல மடிக்கற பலகை, ரோப்பு போட்டுக் கட்டிட்டா ஓடறப்ப அது சரக்கு, நிறுத்தினப்புறம் அது கட்டில், மேல தார்ப்பாய். ஓடறப்ப பின்னாடி ஆள் உக்காரக் கூடாது, அது சரக்கு வண்டி.

எங்க நிறுத்தித் தூங்கறதுன்னு யோசிச்சியா? மலைக்கு வர்ற வெளியூர் வண்டிங்களுக்கு 2024 மே 7ல இருந்து வந்த இ-பாஸ் உன் டி.என். 43க்குத் தொல்லை இல்ல, சரி. ஆனா முதுமலை பந்திப்பூர் ரோட்ல ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் பொது வண்டி விடறதில்ல, காட்டு ரோட்டோரம் எங்கயும் நிறுத்தித் தங்க முடியாது. கூடலூர்க்காரன் உனக்கு யானை பத்தி நான் பாடம் எடுக்கறது கொழுப்பு, ஆனாலும் பலாப்பழ சீசன்ல வண்டில பழம் வெச்சுக்கிட்டு கல்லாறு பக்கம் கண்ணசந்துடாத. தெரிஞ்சவங்க தோட்டம், காசு வாங்கிட்டு இடம் தர்ற காட்டேஜு வாசல், அதுதான் நமக்கு. தார்ப்பாய்க்குள்ள ஜனவரில படுத்தா மேல சொன்ன சொட்டுத் தண்ணி உனக்கும் உண்டு, ரெண்டு பக்கமும் ஒரு கை நுழையற இடைவெளி விட்டுக் கட்டு.

நான்தான் சார் மறுபடியும், கோத்தகிரி டீச்சர். லெட்டரை போஸ்ட் பண்ணின அப்புறம் ஞாபகம் வந்துச்சு. அந்த வண்டில கிரைண்டர் ஓடுமா?

ஓடும் டீச்சர், தாராளமா. அங்க கிடைக்கற 110 வோல்ட்டு டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்டு பக்கம்தான் இழுக்கும், நாப்பது நிமிஷம் அரைச்சாலும் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரில பத்துல ஒரு பங்கு கூட ஆகாது. அதே பேட்டரில கூரை ஏ.சி.ய போட்டா ஒரு மணி நேரம் கூட வராது, அதுக்கு ஜெனரேட்டர்தான். பையன்கிட்ட வீட்டு கரண்ட் மாதிரியே சீரா தர்ற ப்யூர் சைன் இன்வெர்ட்டரா வாங்கச் சொல்லுங்க, மலிவான இன்வெர்ட்டர்ல கிரைண்டர் மோட்டார் உறுமும், சூடாகும். ஃப்ளாக்ஸ்டாஃப்ல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சுடும், சோறு வேகாது, குக்கர் எடுத்துட்டுப் போங்க, இது நம்ம ஊர்ப் பழக்கம்தானே. மாவு அங்க ராத்திரி புளிக்காது, நம்ம ஊட்டி கதைதான், டீசல் ஹீட்டர் காத்து வர்ற குழாய்க்கு ரெண்டடி தள்ளி வைங்க, பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க, காலைல வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி மறக்காம இறக்கி சிங்க்குல வெச்சுடுங்க, நான் ஒரு தடவை மறந்துட்டு பைக்கு செயின்ல இருந்து மாவைச் சுரண்டி எடுக்க ரெண்டு நாள் ஆச்சு.